டார்சோ மாடல்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

உடற்கூறியலும் உடலியங்கியலும் முதன்முதலாகப் படிக்க வருபவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். தலையிலிருந்து இடுப்பு வரை, உறுப்புகளைக் கழற்றி மாட்டக்கூடிய, நிஜ உடம்பின் அளவிலான பிளாஸ்டிக் டார்சோ மாடல் ஒன்று பல வருடங்களாக எங்கள் வகுப்பில் இருக்கிறது. இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவதாக இருந்தால் வேண்டாம். எல்லோரும் கழற்றி மாட்டிப் பழகினால்தான் அதற்குப் பயன்.

மார்புச் சுவரை எடுத்ததும் நுரையீரல்கள் தெரியும். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. இடது நுரையீரலின் முன் ஓரத்தில் இதயத்துக்கு இடம் விட்டதுபோல ஒரு குழிவு இருக்கும். இதயம் முழுக்க இடப்பக்கம்தான் இருக்கிறது என்று நினைத்து வருபவர்கள், அது மார்பெலும்புக்குப் பின்னால் நடுவில் இருப்பதையும், அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருப்பதையும் இங்கேதான் பார்க்கிறார்கள். அடுத்து கல்லீரல். அதைத் தூக்கினால் அடியில் ஒட்டியிருக்கும் பித்தப்பை தெரியும். அப்புறம் இரைப்பையை எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது கணையம். அதன் தலைப்பகுதியை வளைத்துப் பிடித்தபடி முன்சிறுகுடல். எல்லாவற்றுக்கும் பின்னால், முதுகுச் சுவரை ஒட்டிச் சிறுநீரகங்கள். கல்லீரல் மேலே இருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

கழற்றுவது யாருக்கும் எளிது. பாடம் தொடங்குவது திரும்ப மாட்டும்போதுதான். அவசரத்தில் இரைப்பையை முதலில் பொருத்திவிடுவார்கள். கணையம் கையில் மிஞ்சும். வைக்க இடம் இருக்காது. இரைப்பையை மறுபடி எடுத்து, கணையத்தைப் பின்சுவரில் பொருத்தி, அதன்மேல் இரைப்பையை வைத்த ஒருவருக்கு எந்த உறுப்பு முன்னால், எது பின்னால் என்பது மறக்கவே மறக்காது. தட்டையான படத்தில் கணையம் இரைப்பைக்குக் கீழே இருப்பதுபோலத்தான் தோன்றும். கணைய அழற்சியின் வலி ஏன் முதுகுக்குப் பரவுகிறது என்று கேட்டால், மாடலை மாட்டிப் பழகியவர்கள் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இந்த மாடலின் மதிப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது.

இடம் வலம் குழம்புவது எல்லோருக்கும் நடக்கும். மாடலின் இடப்பக்கம் எதிரில் நிற்பவருக்கு வலப்பக்கம். அதனால் முதல் சில வகுப்புகளில் மாடலுக்குப் பக்கத்தில், அது பார்க்கும் திசையிலேயே நின்று பார்க்கச் சொல்கிறேன். குழப்பம் சீக்கிரமே தெளிந்துவிடுகிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை நிறம். தமனிகள் சிவப்பு, சிரைகள் நீலம் என்று பூசியிருப்பதால், சிரைகளில் நீல ரத்தம் ஓடுவதாகவே சிலர் நம்பிவிடுகிறார்கள். அது கருஞ்சிவப்புதான். நுரையீரல் தமனியை மட்டும் ஏன் நீலமாகக் காட்டியிருக்கிறார்கள் என்றும் கேட்பார்கள். இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய் தமனி. நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அதனால் அதற்கு நீலம். இதை ஒவ்வொரு வகுப்பிலும் நின்று நிதானமாகச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, குடல். சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை ஒரே கட்டியாக வார்த்திருக்கிறார்கள். அந்த நீளத்துக்கு ஒரு கயிற்றை வெட்டி மாடலோடு வைத்திருக்கிறேன். குடலைத் தாங்கும் சவ்வுகளும் கொழுப்பும் மாடலில் இல்லவே இல்லை.

பெரிய குறை, எதுவும் அசையாது என்பது. மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துடையது. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது மார்புக்கூடு விரிகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, காற்று நுழைகிறது. மாடலில் அது விறைத்த ஒரு தகடு. உறுப்பு எங்கே இருக்கிறது என்று மாடல் காட்டும். எப்படி வேலை செய்கிறது என்று காட்டாது. அதற்கு அவரவர் உடம்பைத்தான் நாட வேண்டும்.

அதனால் மாடலில் ஒரு பகுதி முடிந்ததும் உடனே உடம்புக்கு வந்துவிடுவோம். கழுத்துக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலைக் கீழே இறக்கினால் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். அங்கே வந்து சேர்வது இரண்டாவது விலா எலும்பு. அதிலிருந்து எண்ணிக்கொண்டு போய், இடப்பக்கம் ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் (கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் எலும்பு) நடுப்பகுதிக்கு நேர் கீழே கை வைத்தால் பலருக்கு இதய நுனியின் துடிப்பு தெரியும். அங்கேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் 'லப்', 'டப்'. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள வால்வுகள் மூடும்போது முதல் ஒலி; பெருந்தமனி, நுரையீரல் தமனி வால்வுகள் மூடும்போது இரண்டாவது.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, ரத்தம் சுற்றி வருகிறது என்பதை 1628இல் நிறுவிய வில்லியம் ஹார்வி செய்து காட்டியது. முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமாகக் கட்டினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒரு சிரையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் ரத்தத்தை முழங்கைப் பக்கமாக, சிரைக்குள் ரத்தம் பின்னோக்கி வராமல் தடுக்கும் அடுத்த வால்வைத் தாண்டி வழித்துவிட வேண்டும். மேல் விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு காலியாகவே கிடக்கும். கீழ் விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். ரத்தம் ஒரே திசையில் போகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையா? கட்டை உடனே அவிழ்த்துவிட வேண்டும். அதே வகுப்பில் ஒரு பெருக்கலும் போட வைப்பேன்: இதயம் வெளியே தள்ளும் ரத்தம் துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்!

மாடல் எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் உடைபவை உறுப்புகளைப் பொருத்தும் சிறு முளைகள். காந்தம் வைத்த இணைப்புகள் நன்றாகவே தாங்குகின்றன. ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஸ்பிரிட் போட்டால் சாயம் போய்விடும். ஒட்டியிருந்த எண்கள் பல அழிந்துவிட்டன. அதில் எனக்கு வருத்தமில்லை, எண்ணைத் தேடாமல் வடிவத்தைப் பார்க்கப் பழகுகிறார்கள். தலைப்பகுதியை நாங்கள் அவ்வளவாகத் தொடுவதில்லை.

வாங்குவதானால் நிஜ உடம்பின் அளவிலேயே வாங்குங்கள். இதயத்தை எடுத்துத் தன் மார்பில் வைத்துப் பார்ப்பது சிறிய மாடலில் நடக்காது. கணையமும் முன்சிறுகுடலும் தனியாகக் கழன்று வருகின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்சுவரோடு சேர்த்தே வார்த்திருந்தால் வேறு மாடல் பாருங்கள்.