யமஹா வை.சி.எல்.-255 கிளாரினெட்: கர்நாடக இசை பழகும் பிள்ளைக்குப் போதுமா?

போதும். ஆனால் பள்ளிக்கூட பாண்டில் வாசிப்பதற்கு வாங்குவது வேறு, ஸ்வரம் பழக வாங்குவது வேறு. இரண்டாவதுக்குக் கொஞ்சம் ஆயத்தம் வேண்டும்.

இது பி ஃபிளாட் கிளாரினெட். போயம் முறை (சாவிகளை அமைக்கும் ஒரு முறை), 17 சாவி, 6 வளையம், உடல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். மட்டக்களப்பில் இந்தப் பிளாஸ்டிக்தான் புத்தி. கருங்காலி வகை மரத்தில் செய்தது சத்தத்தில் ஒரு படி மேலே நிற்கும்; ஆனால் மழைக்கால ஈரத்துக்கும் குளிரூட்டிய மண்டபத்துக்கும் மாறி மாறிப் போனால் வெடிக்கலாம். பழகும் பிள்ளையின் கையில் அந்தக் கவலை எதற்கு?

கர்நாடக இசைக்கு வருவோம். புல்லாங்குழலில் காற்றை அழுத்தினால் அதே விரலில் மேல் ஸ்தாயி வரும். கிளாரினெட் அப்படியில்லை: மேல் ஸ்வரங்களுக்கு மாற்றும் பின்பக்க ரெஜிஸ்டர் சாவியை அழுத்தினால் எட்டாம் ஸ்வரம் வராது, பன்னிரண்டாவது வரும் (ஸ வாசித்தால் மேல் ஸ்தாயி ப). சிக்கல் எல்லாம் இங்கேதான். 1 கட்டை சுருதியில் (மேற்கத்திய சி) மாயாமாளவகௌளை வைத்தால் ஸ இடக்கைப் பெருவிரலும் இரண்டு விரலும். ப வெறும் ஏ சாவி. த அதோடு ரெஜிஸ்டர் சாவி. அடுத்த நி-க்கு ஆறு துளையும் மூடி, இடது சின்னிவிரலும் சாவியில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் இந்த த–நி தாண்டலில்தான் கீச்சென்று அலறும். வாத்தியத்தில் பிழையில்லை, ஏதோ ஒரு துளை அரைகுறையாக மூடியிருக்கும், பெரும்பாலும் மோதிர விரலுடையது.

அதனால் சரளி வரிசையை 4 கட்டையில் (எஃப்) தொடங்குங்கள். பெருவிரலும் ஆறு துளையும் மூடினால் ஸ, எல்லாம் திறந்தால் மேல் ஸ. நடுவில் தாண்டலே இல்லை. ஒரே குறை, மாயாமாளவகௌளையில் மந்தர நி-க்குக் கீழே இறங்க இடமில்லை. கை பழகியபின் 1 கட்டைக்கு வரலாம். அப்போது ப, த வாசிக்கும்போதே வலக்கை விரல்களை மூடி வைத்திருந்தால் நி-க்குப் பாய வேண்டியதில்லை.

கமகம் வருமா? வளையத் துளைகளில் விரலை மெல்ல வழுக்கினால் வரும். சாவி ஸ்வரங்களில் உதட்டால்தான் வளைக்க வேண்டும். கூட வரும் 4சி ஊதுவாய்க்கு 2 அல்லது 2½ எண் ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) போடுங்கள். 3 போட்டால் உதடு களைத்துவிடும். இந்தக் குழலில் கமகம் எதுவரை போகும் என்று அறிய, 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற கிளாரினெட் வித்துவான் ஏ.கே.சி. நடராஜனின் பதிவுகளைக் கேட்க வையுங்கள். கைப்புத்தகம் எதுவும் அதைச் சொல்லித் தராது.

பூட்டும்போது அதிகம் கெடுவது ஒன்று உண்டு. மேல் துண்டின் வளையத்தை அழுத்திப் பிடித்து, இரண்டு துண்டின் சாவிகளையும் சேர்க்கும் இணைப்பு நெம்பை உயர்த்தியபடியே கீழ்த் துண்டைச் செருக வேண்டும். அழுத்தாமல் முறுக்கினால் நெம்பு வளையும், கீழ் ஸ்வரங்கள் தடுமாறும். பூட்டுவாயிலுள்ள தக்கைக்குக் கிரீஸ் பூசாமல் பலத்தைக் காட்டுவதும் அதே கேடு.

வாசித்து முடிந்ததும் உள்ளே துணி இழுங்கள். விரித்துப் போடாவிட்டால் ரெஜிஸ்டர் குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரத்தில் பேட் (சாவிக்கு அடியில் துளையை மூடும் மெத்தை) ஒட்டினால் சிகரெட் தாளை இடையில் வைத்து லேசாக அழுத்தி எடுங்கள். உருவி இழுத்தால் தோல் கிழியும். ரீட்டை ஊதுவாயிலேயே விட்டால் கடலோரக் கல்லடிக் காற்றுக்குப் பூஞ்சணம் நிச்சயம். உப்புக் காற்று சாவிகளையும் மங்கவைக்கும், வரண்ட துணியால் துடைத்தால் போதும்.

வெயில் நேரத்தில் சுருதி ஏறும். ஊதுவாய்க்குக் கீழேயுள்ள பீப்பாய்த் துண்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் தம்புராவோடு சேருங்கள். பாவித்தது வாங்குவதானால் இணைப்பு நெம்பையும் பேட்களையும் முதலில் பாருங்கள். பேட் மாற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லையென்றால் விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.