நடவா, டிரம்மா, உழாமல் விடுவதா?

கார் சாகுபடிக்கு, அதாவது வருஷத்தின் முதல் போக நெல்லுக்கு, திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் அணையைத் திறந்ததும் எங்கள் ஊர் வரப்பில் முதல் பேச்சே நடவுக்கு ஆள் கிடைத்ததா என்பதுதான். கிடைக்காதவர்கள் டிரம் சீடரை, அதாவது துளை போட்ட டிரம்மை இழுத்து முளைவிட்ட விதையை வரிசையாகப் போடுகிற கருவியை, வாடகைக்கு எடுத்தார்கள். நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன், கொள்கை கிள்கை எல்லாம் கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேசுகிறவர்கள் பாதிப் பேர் இதைக் குழப்புகிறார்கள். நாற்று நடாமல் விதையையே வயலில் போடுகிற நேரடி விதைப்பு வேறு, உழவைக் குறைப்பது வேறு. டிரம்மில் விதைத்தாலும் தொளி உழவு (சேற்றுழவு), மரம் அடிப்பு (பலகை இழுத்து மட்டமாக்குவது) எல்லாம் நடவுக்கு மாதிரியே உண்டு, இன்னும் சொன்னால் மட்டம் அதைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். மிச்சமாவது நாற்றங்காலும் நடவுக் கூலியும்தான்.

விளைச்சல் என்று பார்த்தால் நன்றாக அமைந்த டிரம் வயல் நடவுக்குக் குறைவில்லை. நாற்றைப் பிடுங்கி நடுகிற அதிர்ச்சி பயிருக்கு இல்லாததால் அறுப்பும் ஒரு வாரம் பத்து நாள் முந்தும், அம்பை 16 மாதிரிக் குறுகிய கால ரகத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் "நன்றாக அமைந்த" என்ற அந்த ரெண்டு சொல்லுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. விதையை ஊறப்போட்டு, மூடி வைத்து மூட்டம் போட்டு, முளை லேசாக எட்டிப் பார்க்கும்போதே விதைத்துவிட வேண்டும், முளை நீண்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துளையில் இறங்காது. டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும் என்பதும் தெரியாமல் முதல் தடவை வாய்வரை ரொப்பி இழுத்தேன். எட்டு வரிசையில் மூன்று வரிசை முளைத்தது, மற்றதெல்லாம் வழுக்கை. அந்த இடைவெளியில் குதிரைவாலிப் புல் ஏறியது, சின்னதில் அதற்கும் நெல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. சித்தப்பா வரப்பில் நின்று, "ஏலே, இது என்ன வயலா, மாட்டுக்குப் புல்லு போட்டிருக்கியா?" என்றார். மூட்டை குறைந்தது, மறைக்க என்ன இருக்கிறது. நடவு வயலில் நிற்கிற தண்ணீரே களையை அமுக்கும், நாற்றும் மூன்று வாரம் மூத்தது. டிரம் வயலில் விதையும் களையும் ஒரே நாளில் பிறக்கின்றன. முதல் முப்பது நாள் களையைப் பிடித்தவனுக்கு அது லாபம், விட்டவனுக்கு நடவே மேல்.

காருக்கு அடுத்த மழைக்காலப் போகமான பிசானத்துக்கு டிரம்மை நான் சொல்லவே மாட்டேன். ஐப்பசி மழை ஒன்று அடித்தால் போட்ட விதை வரிசையோடு மடையில் போய்விடும். காருக்குச் சரி.

இனி உழாமல் விடுவது. வருஷா வருஷம் தொளி அடிப்பதால் அரையடி ஆழத்தில் ஒரு கெட்டித் தட்டு விழுகிறது. நெல்லுக்குத் தண்ணீரைத் தாங்குவது அதுதான், அப்புறம் போடுகிற உளுந்தின் வேரை மறிப்பதும் அதுதான். அதனால் நெல்லில் உழவை விடுவது எங்கள் நஞ்சைக்கு இப்போதைக்கு ஒத்துவராது என்றே நினைக்கிறேன். நெல்லுக்குப் பின்னால் வருகிற பயறில் விடலாம். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசிவிடுவது தஞ்சாவூர்ப் பக்கம் பழைய பழக்கம். உழவுக் கூலி இல்லை, மிச்ச ஈரத்திலேயே விளையும். ஆள் வைத்து அறுத்தவரை நன்றாக இருந்தது, இப்போது அறுவடை எந்திரத்தின் சக்கரம் போன தடமெல்லாம் முளை நசுங்கிவிடுகிறது.

மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்தான் உழவைக் குறைக்க எனக்குத் தோதாகத் தெரிகிறது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, தன்னைத்தானே பாதி உழுதுகொள்கிற மண் அது. ஆனால் காலக் கணக்கு இங்கேதான் முக்கியம். 63 நாடுகளின் 610 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் நேச்சர் இதழில் வந்த கணக்கில், உழாத நிலத்தின் விளைச்சல் சராசரியாக 5.7 சதவீதம் குறைவு. முதல் ஒன்றிரண்டு வருஷத்தில்தான் அடி அதிகம், பிறகு பல பயிர்களில் அது சமமாகிவிடுகிறது. மழையை நம்பிய வறண்ட நிலத்தில், உழாமல், அறுத்த பயிரின் தாளை நிலத்திலேயே விட்டு, பயிரையும் மாற்றிப் போட்டால் 7.3 சதவீதம் கூடியிருக்கிறது. மூன்றும் சேர்ந்தால்தான். உழவை மட்டும் நிறுத்திவிட்டுத் தாளை மேய விட்டால் வெயிலில் மண் இறுகிப் பெய்த மழையும் மேலோடு ஓடிவிடும்.

எங்கள் ஊரில் தாள் எங்கே தங்குகிறது? எந்திரம் போன மறுநாளே வைக்கோல் கட்டுகிற மெஷின் வந்து உருட்டிக் கட்டிவிடுகிறது, லாரி புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஏறிவிடுகிறது. அந்தக் காசை வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை. அகல உழுவதைவிட ஆழ உழு என்று சித்தப்பா இன்னும் சொல்கிறார், அவரிடம் உழவே வேண்டாம் என்று பேச இன்னும் தைரியம் வரவில்லை.

இந்தக் காருக்கு மேட்டு வயலில் டிரம், பள்ளத்து வயலில் நடவு. மயிலுக்குத்தான் வழி தெரியவில்லை, விதைத்த மறுநாள் காலையில் வரிசை பிடித்து வந்து, வரிசை பிடித்தே பொறுக்குகிறது.