ஓடை வெள்ளம்: சூத்திரமா, தடமா, மென்பொருளா?

பெரிய ஆறு என்றால் எங்காவது ஒரு அளவு நிலையம் இருக்கும், பழைய பதிவு கிடைக்கும். ஓடைக்கு அப்படி எதுவும் கிடையாது. வருஷத்தில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும், ஐப்பசியில் ஒரு ராத்திரி பொங்கிவிட்டு விடிவதற்குள் வடிந்தும் போய்விடும். அதில் கல்வெர்ட் (சிறுபாலம்) போடுவதற்கோ, கரையோரம் வீடு கட்டலாமா என்று சொல்வதற்கோ இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: தண்ணீர் எவ்வளவு உயரம் வரும், எவ்வளவு வேகமாக ஓடும். இரண்டையும் ஒரே கணக்கில் முடித்துவிடப் பார்க்கிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

நம் பக்கம் முதலில் கை போவது உச்ச வெள்ள நீரளவைச் சொல்லும் ரைவ்ஸ் சூத்திரத்துக்கு. 1884இல் பழைய சென்னை மாகாணப் பகுதிகளுக்காக வந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, மலையை ஒட்டிய பகுதிக்கு 10.2. 4 சதுர கிலோமீட்டருக்குப் போட்டால் விநாடிக்கு 17 கன மீட்டரும் வரும், 26உம் வரும். கவனித்தீர்களா, இதில் மழை என்ற சொல்லே இல்லை! மழையைச் சேர்க்கும் ரேஷனல் முறை கொஞ்சம் நியாயமானது. அதே பரப்புக்கு மணிக்கு 50 மில்லிமீட்டர் மழை, வழிந்தோடும் பங்கு 0.4 என்றால் 22 கன மீட்டர். மேலே மனைப்பிரிவு வந்து, தார் ரோடும் தளமுமாகி 0.6 ஆனால் 33. எப்படியானாலும் இவை இரண்டும் எவ்வளவு தண்ணீர் என்று மட்டும்தான் சொல்லும். எந்த மட்டத்தில் நிற்கும் என்று சொல்லாது.

எனக்குப் பிடித்தது வெள்ளத் தடம். தண்ணீர் வடிந்த மறுநாளே போய்விட வேண்டும். வேலி முள்ளில் சிக்கிய வைக்கோல், சுவரில் சேற்றுக் கோடு, மரத்தில் ஒட்டிய குப்பை எல்லாவற்றையும் பெயிண்ட்டால் குறித்து, ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் சர்வே கருவி) வைத்து மட்டம் எடுத்தால் உயரமும் கிடைக்கும், நீர்மட்டச் சரிவும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: மரத்தின் மேல்புறத்தில் தண்ணீர் மோதி ஏறியிருக்கும். விநாடிக்கு 2.5 மீட்டர் வேகம் இருந்தால் அந்தத் தடம் கிட்டத்தட்ட ஓரடி வரை அதிகம் காட்டும். கரையோரமாக, தண்ணீர் அமைதியாக நின்ற இடத்துத் தடத்தை எடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் "இடுப்பளவு வந்துச்சு" என்றால் யார் இடுப்பு, எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டு அவர்களையே அங்கே நிறுத்திப் பாருங்கள். முக்கால்வாசி பேர் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

தடம் கையில் வந்ததும் மேனிங் சமன்பாடு: ஓடையின் வடிவம், சரிவு, சொரசொரப்பு மூன்றையும் வைத்து வேகத்தைச் சொல்லும். 6 மீட்டர் அகல ஓடை, 1.5 மீட்டர் ஆழம், 250க்கு 1 சரிவு. சுத்தமான மண் ஓடை, சொரசொரப்பு எண் 0.035 என்றால் வேகம் 1.8 மீட்டர், விநாடிக்கு 16 கன மீட்டர் போகும். இப்போது அதே ஓடையில் சீமைக்கருவேல் மண்டிவிட்டது, எண் 0.07 என்று வையுங்கள். அதே 16 கன மீட்டர் போக ஆழம் ஏறக்குறைய 2.45 மீட்டர் ஆக வேண்டும், வேகமோ 1.1 மீட்டராக இறங்கிவிடும். ஒரு எண்ணை மாற்றியதில் உயரம் ஒரு பக்கம், வேகம் எதிர்ப்பக்கம். ஆகவே சராசரியாக 0.05 போடுகிறேன் என்பவர், வீட்டுத் தரைமட்டத்தையும் குறைத்துச் சொல்கிறார், அடித்தள அரிப்பையும் குறைத்துச் சொல்கிறார்.

வேகத்துக்கு மட்டும் என்றால் மிதவையை எதுவும் அடிக்காது. 20 மீட்டர் அளந்து வைத்து, தேங்காயைப் போட்டு, 10 விநாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் 2 மீட்டர். அதை 0.85ஆல் பெருக்கினால் சராசரி வேகம். வெள்ளத்தில் யாரையும் ஓடையில் இறங்கச் சொல்லவில்லை. இப்போதெல்லாம் பாலத்தில் நின்று யாராவது போனில் வீடியோ எடுத்திருப்பார்கள். அதில் இரண்டு மின்கம்பத்தைக் கடக்கும் கட்டையைப் பார்த்து, பிறகு கம்பங்களின் இடைவெளியை டேப்பில் அளந்தால் போதும்.

அப்புறம் ஹெக்-ராஸ். ஆற்றிலும் ஓடையிலும் நீர்மட்டம், வேகம் கணக்கிடும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் இலவச மென்பொருள், 2016இல் வந்த 5.0 முதல் இருபரிமாணக் கணக்கும் போடும். கலர் கலராகப் படம் வரும், கூட்டத்தில் காட்ட நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு 30 மீட்டர் கட்டமுள்ள செயற்கைக்கோள் நிலமட்டத்தைக் கொடுத்தால், 6 மீட்டர் ஓடை ஒரே கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். நானும் ஒரு முறை அப்படி ஓட்டி, தண்ணீர் வயலில் பரவுவதைப் பார்த்து அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஓடையே மாடலில் இல்லை!

அதற்காக அதை ஒதுக்கவும் முடியாது. கீழே 100 மீட்டரில் ஒரு குழாய்ப் பாலம், குழாயில் பாதி பிளாஸ்டிக் அடைப்பு, தண்ணீர் பின்னோக்கி ஏறுகிறது என்றால் தனியாக நிற்கும் மேனிங் கணக்குக்கு அது தெரியவே தெரியாது. அந்த இடத்தில் ஹெக்-ராஸ்தான். ஆனால் குறுக்குவெட்டுகளை நாமே டேப்பும் லெவலும் வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டும், ஒருபரிமாணமே போதும், தடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

என் கைக்கணக்கு இது: நீரளவுக்கு ரேஷனல், அதைச் சரிபார்க்க வெள்ளத் தடம். மட்டம் சொல்ல 0.07, அரிப்பு பார்க்க 0.035. ரைவ்ஸை ஓரத்தில் எழுதி வைப்பேன், மற்றவை அதிலிருந்து இரண்டு மடங்கு விலகினால் நீர்ப்பிடிப்பு எல்லையைத் தப்பாக வரைந்துவிட்டேனோ என்று திரும்பப் பார்ப்பதற்கு.