சென்னையா, ஜோகூரா, இங்கேயேவா? ஐடி வேலைகளின் இடமாற்றக் கணக்கு

சிங்கப்பூரில் நடுத்தர நிறுவனம் ஒன்றின் ஐடி பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஓர் எக்செல் தாளைத் திரையில் போடுவார்கள். ஒரு கட்டத்தில் சிங்கப்பூர், அடுத்ததில் மலேசியாவின் ஜோகூர்பாரு, அதற்கடுத்து சென்னை, கடைசியில் வியட்நாமின் ஹோ சி மின் நகரம். கீழே, ஆளுக்கு மாதம் எவ்வளவு என்று ஓர் எண். சென்னைக் கட்டம்தான் பெரும்பாலும் ஜெயிக்கும். அந்த ஆள் யாருடைய சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் கட்டமே இருக்காது. ஊரைவிட அதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். இங்கே கணினிப் பட்டதாரி ஒருவர் படித்து முடித்த கையோடு மாதம் ஐயாயிரம் வெள்ளிக்குமேல் (சிங்கப்பூர் டாலர்) எதிர்பார்க்கிறார். முதலாளியின் பங்காக 17 விழுக்காடு மசேநிதி (மத்திய சேமநிதி) தனி. சென்னையில் பெரிய சேவை நிறுவனங்கள் புதியவருக்குக் கொடுப்பது ஆண்டுக்கு மூன்றரை, நான்கு லட்சம் ரூபாய். ஆக, இங்கே ஒருவருக்கு ஒரு மாதம் ஆகும் செலவில் அங்கே ஒருவருக்கு ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளமே கொடுத்துவிடலாம்.

அதே சென்னையில், ஒரு சிஸ்டத்தைத் தனியாகத் தாங்கக்கூடிய, பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள ஆளைத் தேடிப் பாருங்கள். முப்பது, நாற்பது லட்சம் கேட்பார். கேட்பதில் தப்பில்லை, சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆர் நெடுக வெளிநாட்டு நிறுவனங்கள் சொந்த அலுவலகம் போட்டு அவரைப் போன்றவர்களைத்தான் வலைவீசித் தேடுகின்றன. சரி என்று சொன்ன பிறகும் அவர் வந்து சேர 90 நாள் நோட்டீஸ் பீரியட். அந்த மூன்று மாதத்துக்குள் அவர் கையில் இன்னும் இரண்டு ஆஃபர் இருக்கும். மூத்தவரை அங்கே எடுத்தால் மிச்சம் பாதி தேறும், அவ்வளவுதான். இளையவர் விஷயத்தில்தான் கொள்ளை மிச்சம். அதனால்தான் இங்கிருந்து முதலில் மூட்டை கட்டுவது இளையவர் வேலை.

நேரக் கணக்கு அடுத்தது. இரண்டரை மணி நேரம்தானே என்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு இங்கே மென்பொருள் ரிலீஸ் போடும்போது சென்னையில் ஏழரை; அது வசதிதான். காலையில்தான் தகராறு. இங்கே எட்டரை மணிக்குக் கடை திறந்து, பணம் கட்டும் கருவி படுத்துவிட்டால், சென்னையில் அப்போது மணி ஆறு. வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும் விழும். அங்கே குழு முழுசாக உட்காரும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம்.

ஜோகூர்பாருவில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஊருக்கும் ஒரே கடிகாரம், தேவைப்பட்டால் ஆளை நேரில் வரவழைக்கலாம். 2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து வரிச் சலுகைப் பேச்சும் பலமாக அடிபடுகிறது. ஆனால் ஜோகூரில் நல்ல ஆளுக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கம் மும்மடங்கு மதிப்புள்ள வெள்ளி கண்ணுக்கு எதிரே தெரிகிறது. ரிங்கிட் சம்பளத்தில் இரண்டு வருடம் பழக்கிவிட்டால், அவரே உட்லண்ட்ஸைக் கடந்து வேறு கம்பெனிக்கு வந்துவிடுவார். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஐந்தே நிமிடத்தில் ஓடப்போகும் ஆர்டிஎஸ் ரயில் நிறுவனங்களுக்கு வரம் என்கிறார்கள். ஊழியருக்கு அது இன்னும் பெரிய வரம்.

ஹோ சி மின் நகரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. புதிதாக ஒரு செயலியைக் கட்ட அருமையான இடம். இருபது வருடப் பழைய கணக்கு மென்பொருளைப் பேணச் சொல்லி அங்கே கொடுப்பது வீண்.

இனி என் கட்சிக்கு வருகிறேன். சென்னை என்று ஒரே கட்டமாகப் போடுகிறார்களே, அதற்குள் இரண்டு தனித்தனி உலகம் இருக்கிறது: வெண்டரிடம், அதாவது வெளி நிறுவனத்திடம், ஒப்பந்தம் கொடுப்பது ஒன்று, சொந்த அலுவலகம் வைப்பது இன்னொன்று. வேலையைக் கைமாற்றும் ‘கேடி’ (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) நாட்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். போகிறவரே வருகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பார். டீம்ஸில் ரெக்கார்டிங் ஓடும், ஸ்லைடுகள் ஓடும். கடைசியில் பேச்சுவாக்கில், “தம்பி, சம்பளக் கோப்பு வங்கிக்குப் போற அன்னிக்கு ராத்திரி தானா ஓடுற அந்த ஜாப்பைக் கையால நிறுத்திடுங்க, இல்லேன்னா ரெண்டு தடவை போயிடும்” என்று ஒரு வார்த்தை வரும். எந்த ஆவணத்திலும் இல்லாத வார்த்தை அது. வெண்டர் ஆள் அதைக் கவனமாகக் குறித்துக்கொள்வார். பாதகமில்லை, கெட்டிக்காரர்தான். ஆனால் அடுத்த வருடம் அவரை வேறு புராஜெக்டுக்குத் தூக்கிவிடுவார்கள், குறிப்பும் கூடவே போய்விடும். இருக்கும் நாளிலும், “அக்கா, என்ன பிரச்சினைன்னு எனக்குத் தெரியுது. முறைப்படி டிக்கெட் பதிவு பண்ணாம கை வெச்சா எங்க லீட் கேள்வி கேப்பாரு” என்பார். அவர் கையைக் கட்டிப்போடுவது ஒப்பந்தம். அதே ஆளை நம் பட்டியலில் வைத்தால், டிக்கெட்டுக்குக் காத்திராமல் முதலில் தீயை அணைப்பார்.

இதற்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி உண்டு. டிபிஎஸ் வங்கி 2002-இல் தன் கணினிப் பணிகளைப் பத்தாண்டுக்கு ஐபிஎம்மிடம் ஒப்படைத்தது. ஒப்பந்த மதிப்பு 120 கோடி வெள்ளி. 2010 ஜூலையில் தரவுச் சேமிப்புக் கருவி ஒன்றைப் பழுதுபார்க்கப் போய், வங்கியின் ஏடிஎம்மும் இணையச் சேவையும் ஏழு மணி நேரம் முடங்கின. வங்கிகளை மேற்பார்க்கும் சிங்கப்பூர் நாணய ஆணையம் வங்கியைக் கண்டித்து, 23 கோடி வெள்ளி கூடுதல் மூலதனம் ஒதுக்கச் சொன்னது. வேலை செய்தது வெண்டர், கண்டனம் வந்தது வங்கிக்கு. பிற்பாடு வங்கி பெரும்பகுதி வேலையைத் தன் சொந்த ஆட்களிடமே கொண்டுவந்தது. 2016-இல் ஹைதராபாத்தில் சொந்த மையமும் திறந்தது. கவனியுங்கள்: வேலை சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை, வங்கியின் சம்பளப் பட்டியலுக்குத் திரும்பியது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். 2023-இல் அதே வங்கியின் சேவை திரும்பத் திரும்ப நின்று, அவசியமில்லாத கணினி மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்திவைக்கும்படி ஆணையம் உத்தரவிட்டது. அந்த அக்டோபர் முடக்கத்துக்குக் காரணம், இதே சிங்கப்பூரில் உள்ள தரவு மையம் ஒன்றின் குளிரூட்டும் அமைப்பு. உள்ளூரில் இருந்தால் உடையாது என்று யாரும் மார்தட்ட முடியாது.

ஆளை இங்கே கொண்டுவருவதா, வேலையை அங்கே அனுப்புவதா என்ற கேள்வியும் இருக்கிறது. 2025 முதல் புதிய இ-பாஸுக்கு (வெளிநாட்டு நிபுணருக்கான வேலை அனுமதி) குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், நிதித்துறையில் 6,200. வயது கூடக்கூட வரம்பும் கூடும். 2023-இல் வந்த காம்பஸ் புள்ளி முறையையும் தாண்ட வேண்டும். உள்ளூர்க்காரருக்குப் பாதுகாப்பு என்றுதான் இவை வந்தன, நியாயமும்தான். ஆனால் சாங்கி விமான நிலையத்தில் தடுப்பது ஆளைத்தான். வேலை கேபிள் வழியே போய்விடுகிறது. இ-பாஸில் வந்தவராவது இங்கே வாடகை கொடுக்கிறார், தேக்காவில் சாப்பிடுகிறார், 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டுகிறார், பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தொழில் சொல்லித் தருகிறார். அதைப் பேசினால் இங்கே பலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

ஆட்குறைப்புக்கு ஆளானவர் நிலை என்ன? இழப்பீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால், வேலை பார்த்த ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் என்ற வழக்கம்தான் துணை. வேலை இழந்தவருக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவுத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்தவருக்கே அது. ஏழாயிரம் வாங்கிக்கொண்டு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கடன் கட்டிய நாற்பத்தைந்து வயது ஐடிக்காரர் அதில் வரமாட்டார்.

இளையவர் கதை வேறு. அவருக்கு வேலை போகவில்லை, வேலை வரவே இல்லை. அது எந்த ஆட்குறைப்புக் கணக்கிலும் ஏறாது. டெஸ்டிங், சின்னச் சின்னப் பிழைத்திருத்தம், ராத்திரி ஜாப்பைக் கண்காணிப்பது என்று கற்றுக்கொள்ளும் வேலையெல்லாம் அக்கரைக்குப் போய்விட்டது. பத்து வருடம் கழித்து மூத்தவர் வேண்டும் என்று இதே நிறுவனங்கள்தான் விளம்பரம் போடப்போகின்றன.

என்னிடம் கேட்டால் வெண்டர் ஒப்பந்தம் கடைசி இடம், எவ்வளவு மலிவாக வந்தாலும். ஐந்தாறு பேர் வேலைக்குச் சென்னையில் சொந்த அலுவலகம் கட்டுப்படியாகாது. அவர்களை இங்கேயே வைத்துக்கொள்வது மேல். இருபது, முப்பது பேர் என்றால் சென்னையில் சொந்த அலுவலகம். எந்த மாற்றம் எப்போது போகலாம் என்று முடிவெடுப்பவர் சிங்கப்பூரில் இருக்கட்டும், அவர் பக்கத்தில் இரண்டு புதிய பட்டதாரிகளும் இருக்கட்டும். காலை எட்டரை மணித் தொலைபேசியை ஜோகூர்பாருவிலிருந்து எடுத்தாலும் எனக்குச் சம்மதமே. அங்கே எடுப்பவருக்கு ஒவ்வோர் ஆண்டும் சம்பளத்தை ஏற்றவும் பட்ஜெட்டில் இப்போதே இடம் விடவேண்டும்.