எண்ணத்தோடு வாதாடுவதா, எண்ணம் இருக்கும்போதே நடப்பதா? சிபிடியும் ஆக்டும்

“கூட்டத்தில் பேச எழுந்தால் என் குரல் நடுங்கும், எல்லோரும் என்னைக் கேவலமாக நினைப்பார்கள்.” ஆலோசனைக்கு வந்தவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் பழகியவர் இதை ஒரு கணிப்பாக எடுத்துக்கொள்வார். இதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது, நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்பார். பிறகு ஒரு சிறிய கூட்டத்தில் பேசவைத்து, பயந்தது நடந்ததா என்று சேர்ந்து பார்ப்பார்.

ஏற்பையும் செயலுறுதியையும் அடிப்படையாகக் கொண்ட ‘ஆக்ட்’ சிகிச்சையாளர் அந்த விசாரணைக்கே போகமாட்டார். “இந்த எண்ணம் எவ்வளவு காலமாகக் கூடவே வருகிறது? இதன் பேச்சைக் கேட்டு எதையெல்லாம் விட்டிருக்கிறீர்கள்?” என்பதுதான் அவருடைய கேள்வி. குரல் நடுங்கினாலும் பரவாயில்லை, பேசியே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் விஷயம் எது என்று அடுத்துக் கேட்பார்.

இருவருமே அவரைப் பேசவைக்கத்தான் பார்க்கிறார்கள். ஆலோசகர்கள் இதில் அணி பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இடையில் சிக்கிக்கொள்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்துத் தீர்க்க முடியுமா, முடியாதா என்பதை வைத்தே நான் வழியைத் தேர்ந்தெடுக்கிறேன்.

சிபிடியின் முக்கிய வேர் 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் மனச்சோர்வு உள்ளவர்களிடம் கவனித்த ‘தானாக எழும் எண்ணங்கள்’. ஆக்டை 1980களிலிருந்து உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்தார்கள். 1999இல் அது முழு நூலாக வந்தது. அதன் குறிக்கோள் உளநெகிழ்வு. அதாவது, கசப்பான எண்ணமும் உணர்வும் உள்ளே இருக்கும்போதே, தனக்கு முக்கியமானதை நோக்கிச் செயல்படும் திறன். ஏற்பு, எண்ணத்திலிருந்து விலகி நின்று பார்த்தல், நிகழ்கணத்தில் இருத்தல், தன்னைப் பற்றிய கதைக்குள் அடைபடாமல் கவனிப்பவராக இருத்தல், தனக்கு எது முக்கியம் என்று காட்டும் விழுமியங்கள், உறுதியான செயல் என்று ஆறு கூறுகளைச் சொல்வார்கள். ஆறையும் பாடம்போல நடத்த வேண்டியதில்லை. வந்தவரிடம் எது இறுகிக் கிடக்கிறதோ அங்கே தொடங்கினால் போதும்.

சரி, எது அதிகம் பலன் தருகிறது? 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 1,821 பேர் கலந்துகொண்ட 39 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. வழக்கமான பராமரிப்பைவிட ஆக்ட் மேலாக இருந்தது. சிபிடி போன்ற நிலைபெற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2007இல் பதற்றமோ மனச்சோர்வோ இருந்த 101 பேரிடம் நடந்த நேரடி ஒப்பீட்டிலும் சிகிச்சை முடிவில் இரண்டும் சமம். ஆனால் ஒன்றரை வருடம் கழித்து அவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பெக் வழி சிகிச்சை பெற்றவர்களிடம்தான் பலன் கூடுதலாக நிலைத்திருந்தது. ஆக்டைப் புதிதாகக் கற்றுக்கொண்டு உற்சாகத்தில் இருப்பவர்கள் இந்த முடிவை அவசியம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. உளவியலாளர் நீல் ஜேக்கப்சனின் குழு 1996இல் மனச்சோர்வுக்கான சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தது. செயல்களை மீண்டும் தொடங்கவைக்கும் பகுதி மட்டுமே, எண்ணங்களை மாற்றும் வேலையும் சேர்ந்த முழு சிகிச்சைக்கு இணையாக வேலை செய்தது. எண்ணத்தோடு வாதாடித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி அங்கிருந்து வலுப்பெற்றது.

பீதித் தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடக்கிறது, மாரடைப்பு வந்துவிட்டது என்று மனம் சொல்கிறது. மருத்துவப் பரிசோதனையில் இதயக் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, இது சோதித்துப் பார்க்கக்கூடிய கணிப்பு. வேகமாக மூச்சு விடவைத்து அதே படபடப்பை அறைக்குள்ளேயே வரவழைத்து, அது ஆபத்தில்லாமல் அடங்குவதைக் காட்டலாம். இவ்வளவு தெளிவான வழி இருக்கும்போது நான் சிபிடியைத்தான் எடுப்பேன்.

நாட்பட்ட வலி வேறு மாதிரி. “இந்த வலி இனி போகாது” என்று ஒருவர் சொல்லும்போது, அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தீராத நோய், உற்றவரின் மரணம், கைநழுவிப்போன வாய்ப்பு என்று இந்த வரிசை நீளும். இங்கே ஆதாரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால், நம்மைப் புரிந்துகொள்ளவே இல்லை என்று வந்தவருக்குத் தோன்றும். வலி குறைந்த பிறகுதான் வாழ்க்கை என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டுக் காத்திருப்பவரிடம், வலி இருக்கும்போதே எதைத் தொடங்கலாம் என்று பேசுவதுதான் உதவும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு நாட்பட்ட முதன்மை வலிக்கு, அதாவது வேறு நோயைக் காரணமாகக் காட்டி விளக்க முடியாத வலிக்கு, 2021இல் தந்த வழிகாட்டுதலில் ஆக்ட், சிபிடி இரண்டையும் பரிசீலிக்கச் சொல்கிறது. என் சாய்வு இங்கே ஆக்ட் பக்கம்.

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் சடங்குபோலச் செய்யவைக்கும் ஓசிடியில் கவனம் தேவை. அங்கே எண்ணத்தோடு வாதாடுவதே இன்னொரு சடங்காக மாறிவிடும். பயப்படுவதை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சிதான் சிகிச்சையின் முதுகெலும்பு. அதோடு ஆக்டையும் சேர்த்து 58 பேரிடம் செய்த 2018 ஆய்வில், சேர்த்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனாலும் “பயம் குறையும்வரை இருங்கள்” என்பதைவிட “பயத்துக்கு இடம் கொடுத்து இருங்கள்” என்று சொல்லிப் பயிற்சி தருவது எனக்குப் பிடித்திருக்கிறது. பயம் குறையாத நாளும் தோல்வி நாளாகாது.

ஏற்பைச் சார்ந்த வேறு இரண்டு சிகிச்சைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்து போனவருக்கு, அது திரும்பாமல் தடுக்க மனக்கவனம் சார்ந்த அறிவாற்றல் சிகிச்சை நல்ல தேர்வு. தற்கொலை முயற்சியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் திரும்பத் திரும்ப நடந்தால், உணர்ச்சிக் கொந்தளிப்பைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தரும், உளவியலாளர் மார்ஷா லைன்ஹான் உருவாக்கிய டிபிடி சிகிச்சை வேண்டும். அந்த நிலையில் விழுமியங்களைப் பற்றிப் பேச்சை ஆரம்பிப்பதற்கு முன்னால் உயிர்ப் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும்.

ஆக்டில் ஆலோசகர் அதிகம் வழுக்குவது ஏற்பில்தான். ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று நேரடியாகச் சொன்னால், ‘சகித்துக்கொண்டு கிட’ என்று கேட்கும். வீட்டில் அடி வாங்குபவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை. ஏற்பு உள்ளே எழும் பயத்துக்கும் வலிக்கும் உரியது. அடிப்பவருக்கு அதில் இடமே இல்லை. அங்கே உறுதியான செயல் என்பது அந்த இடத்திலிருந்து பத்திரமாக வெளியேறுவதாகவும் இருக்கலாம்.

இன்னொரு வழுக்கல் மறைவானது. “நானும் ஏற்றுக்கொண்டு பார்த்துவிட்டேன், பதற்றம் போகவில்லையே” என்று வந்தவர் சொல்வார். ஏற்பு அவர் கையில் பதற்றத்தை விரட்டும் புதிய தந்திரமாகிவிட்டது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னதும் அது திரும்பத் திரும்ப வந்து நின்றதை 1987இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் சோதனையில் காட்டினார். விரட்டும் முயற்சி எந்தப் பெயரில் வந்தாலும் அப்படித்தான். இந்த நேரத்தில் ஏற்பை இன்னும் விளக்காமல் பேச்சை விழுமியத்துக்குத் திருப்ப வேண்டும்: “பதற்றம் இல்லை என்றால் இந்த வாரம் என்ன செய்திருப்பீர்கள்?” வருகிற பதில் ‘பதறாமல் இருப்பேன்’ என்றால், அது பிணம்கூடச் செய்யக்கூடிய இலக்கு. ‘மகளோடு உட்கார்ந்து படித்திருப்பேன்’ என்றால், பிடித்துக்கொள்ள ஒரு செயல் கிடைத்துவிட்டது. அதைப் பதற்றத்தோடே பத்து நிமிடம் செய்து பார்க்கச் சம்மதமா என்று கேட்கலாம்.

அப்புறம், முன்னேற்றத்தை அளப்பது. சிபிடியில் அறிகுறி மதிப்பெண் குறைவதைப் பார்ப்பார்கள். ஆக்டில் பரவலாகப் பயன்படும் ஏழு கேள்விகள் கொண்ட ‘ஏஏக்யூ-2’ உளநெகிழ்வை அளப்பதைவிட வேதனையைத்தான் அதிகம் அளக்கிறது என்ற விமர்சனம் உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதனால் கேள்வித்தாளோடு கூட, விட்டுப்போன எந்தச் செயல் இந்த வாரம் திரும்பி வந்தது, எவ்வளவு நேரம், பயம் எட்டிப் பார்த்தபோது என்ன செய்தார் என்று எழுதிவைப்பது நல்லது. சில வாரங்கள் போயும் அந்தக் குறிப்பு வெறுமையாகவே இருந்தால், எந்த வழியில் போய்க்கொண்டிருந்தாலும் வந்தவரிடமே அதை வெளிப்படையாகப் பேசி மற்ற வழியை முயன்று பார்க்கலாம்.