கொலுவும் இரண்டு பூனைகளும்: நான்கு நவராத்திரி அனுபவம்

ஒவ்வொரு புரட்டாசியிலும் தெரிந்தவர்கள் யாராவது கேட்டுவிடுகிறார்கள், "வீட்டில் பூனையை வைத்துக்கொண்டு எப்படிக் கொலு வைக்கிறீர்கள்?" என்று. 2022 முதல் 2025 வரை நான்கு நவராத்திரியை இரண்டு பூனைகளோடு கடந்துவிட்டோம், அதனால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று விரிவாகவே எழுதிவிடுகிறேன். சென்னையில் அடுக்குமாடி வீடு, மடக்கு இரும்பில் ஐந்து படி, ஹாலைத் தவிர கொலு வைக்க வேறு இடம் கிடையாது. செம்பன், கருப்பி இரண்டும் வசிப்பதும் அதே ஹாலில்தான்.

முதல் வருடம் ஒன்றுமே யோசிக்கவில்லை. வழக்கம்போல் வெள்ளை வேட்டியை விரித்து, முன்பக்கம் தரைவரை தொங்கவிட்டு பொம்மைகளை அடுக்கினோம். இரண்டாம் நாள் விடியற்காலை சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், தொங்கிய வேட்டியில் நகத்தை மாட்டி செம்பன் மூன்றாம் படிவரை ஏறியிருந்தான், வேட்டி சரிந்து ஒரு வரிசையே கீழே கிடந்தது. செட்டியார் பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் செட்டியாரம்மாவுக்குக் கழுத்து போய்விட்டது. என் மாமியாருக்கு அவருடைய அம்மா கொடுத்த ஜோடி அது. உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கக்கூடாது என்பதால் அத்தை துண்டுகளைப் பொறுக்கி ஒரு பழைய புடவைக் கிழிசலில் முடிந்து வைத்தார். "அதுக்கு என்னம்மா தெரியும், நாமதான் பார்த்து வைக்கணும்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை எனக்கு இன்றுவரை மனதில் நிற்கிறது.

அதன்பிறகு ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்து பார்த்தோம். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் வைத்தால் வராது என்றார்கள், தோல் காயும்வரைதான் அதற்கு மரியாதை. அந்த வாசனைக்காக எலுமிச்சை எண்ணெய் மாதிரி எதையும் தெளித்துவிடாதீர்கள், அத்தகைய எண்ணெய்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. படி விளிம்பில் அலுமினியத் தாள் ஒட்டினோம், மூன்றாம் நாள் கருப்பி அதன்மேலேயே படுத்திருந்தாள். இருபக்க டேப் பரவாயில்லை, பாதத்தில் ஒட்டுவது அவற்றுக்குப் பிடிப்பதில்லை, ஆனால் தூசி படிந்தால் பசை போய்விடுகிறது, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் பீய்ச்சுவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். நாங்கள் இரண்டே முறை செய்தோம், செம்பன் ஒரு வாரம் என் கணவரைக் கண்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தான், கொலு மேல் ஏறுவதையோ நிறுத்தவில்லை, நாங்கள் தூங்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

பலித்த விஷயத்துக்கு வருகிறேன். பொம்மையைப் பூனையிடமிருந்து மறைப்பதைவிட, தட்டினாலும் விழாதபடி நிறுத்துவதுதான் முதல் வேலை. களிமண் பொம்மைகள் பெரும்பாலும் உள்ளே கூடு, அடியில் திறப்பு இருக்கும். சலித்து வெயிலில் காயவைத்த மணலைச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் கட்டி உள்ளே திணித்து, அடியைக் காகித டேப்பால் மூடிவிடுகிறோம். காகிதக்கூழ் பொம்மைகளுக்கு இது இன்னும் அவசியம், அவை பூனை வாலை வீசினாலே சாயும் எடைதான். போஸ்டர் ஒட்டுகிற களிம்பை அடியில் வைத்தும் நிறுத்தலாம், ஆனால் அது துணியில் பிடிக்காது, இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. இப்போது வேட்டியைப் படியோடு இழுத்துக் கட்டி, ஓரங்களை உள்பக்கம் மடித்துப் பின் குத்தி, ஒவ்வொரு படியிலும் அதன்மேல் ஒரு மெல்லிய பலகை போட்டு, பலகையில்தான் களிம்பு. நகம் மாட்டத் தொங்குகிற துணியே இருக்கக்கூடாது. பின்பக்கம் படிகளுக்கடியில் இருக்கும் பொந்தையும் அட்டை வைத்து அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுதான் அவற்றின் குகை.

இரவுக்கு வலை. பால்கனியில் புறா வராமல் கட்டுகிறார்களே, அதே நைலான் வலை, எங்கள் கொலு அளவுக்கு 500 ரூபாய்க்குள்தான் ஆயிற்று. மேலே திரைச்சீலைக் கம்பியில் மாட்டி, கீழே ஓரத்தை ஒரு கனமான மரச்சட்டத்தில் சுற்றிவிட்டோம். ஆரத்தி எடுத்து முடித்ததும் இறக்கிவிடுவோம், காலையில் கோலம் போடும்போது ஏற்றிவிடுவோம். பூனைகளுக்கு அந்தி நேரத்திலும் விடியலுக்கு முன்பும்தான் துடிப்பு அதிகம். அந்தியில் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள், நாமும் கண் வைத்திருப்போம், விடியற்காலைதான் ஆபத்தான நேரம், அதற்கு இந்த வலை போதும். மூன்று வருடமாக அதே வலைதான், ஒரு கண்ணி அறுந்ததோடு சரி.

இன்னொன்று, உயரம். ஹாலிலேயே உயரமான இடம் கொலுவின் மேல்படி என்றால் பூனை அங்கேதான் போகும், அது குறும்பு இல்லை, மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பது அதன் இயல்பு. எதிர்ச் சுவரில் ஜன்னலை ஒட்டி, மேல்படியைவிட ஒரு முழம் உயரத்தில் ஒரு பலகை அடித்து, பழைய போர்வையைப் போட்டுக் கொடுத்தோம். 2024-இல் கருப்பி நவராத்திரி முழுக்க அங்கிருந்துதான் வருகிறவர்களையெல்லாம் பார்த்தாள்.

இதுவரை சொன்னதெல்லாம் பொம்மையைக் காப்பாற்றிய கதை. 2023-இல்தான் எங்கள் பார்வையே மாறியது. ஐந்தாம் நாள் செம்பன் சாப்பிடவில்லை, இரண்டு மூன்று முறை வாந்தி எடுத்தான். சுண்டலைத் தின்றிருப்பான் என்று நினைத்து ஒரு நாள் வீணாக்கிவிட்டேன். மருத்துவர் வாயைத் திறந்து கட்டைவிரலால் தாடைக்கடியிலிருந்து நாக்கை உயர்த்திக் காட்டினார், நாக்கின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு பொன்னிறக் கோடு, இருபக்கமும் தசைக்குள் பதிந்திருந்தது. கொலுவில் காகித விளக்குகளைத் தொங்கவிட நான் கட்டிய ஜரிகை நூல். பூனை நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு, நூல் வாய்க்குள் போனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய், குடல் அதைத் தள்ளத் தள்ள, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் சுருங்குமே, அப்படிக் குடல் நூல்மேலேயே சுருங்கிக்கொள்கிறது. விட்டால் நூல் குடலை அறுத்துவிடும். அன்று இரவே அறுவைச் சிகிச்சை செய்தார்கள், பிழைத்துக்கொண்டான், வயிற்றில் அந்தத் தழும்பைத் தடவும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் கொலுவில் ஜரிகை, ரிப்பன், மினுமினுப்புத் தோரணம் எதுவும் கிடையாது. பூச்சரமும் நூல்தான், அதனால் படங்களுக்குச் சார்த்துவதை இரவு எடுத்துவிடுகிறோம், படிகளில் உதிரிப்பூ மட்டும். பூவிலும் கவனம் வேண்டும். அம்பாளுக்குச் செவ்வரளி விசேஷம் என்று வாங்குவோம், ஆனால் அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். எங்கள் வீட்டில் இப்போது மல்லியும் ரோஜாவும்தான். லில்லிப் பூங்கொத்து யாராவது கொண்டுவந்தால் தயங்காமல் வாசலிலேயே மறுத்துவிடுங்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். சீரியல் விளக்கு ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, படுக்கப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். திறந்த குத்துவிளக்கை ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்றுகிறோம், மற்ற நேரத்துக்குக் கண்ணாடிக்கூண்டு விளக்கு. பொம்மைப் பெட்டிகளில் அந்துருண்டை போடுவதையும் விட்டுவிட்டோம், அதுவும் பூனைக்கு விஷம், இப்போது காய்ந்த வேப்பிலைதான்.

2025-இல் வழக்கத்தைவிட ஒரு நாள் கூடுதலாக வந்தது, செப்டம்பர் 22 தொடங்கி அக்டோபர் 2 விஜயதசமிவரை ஒரு பொம்மைகூட விழவில்லை. கெட்டது கொலுவுக்கு முன்னால் தரையில் அமைத்த பொம்மைப் பார்க் மட்டும்தான். புல்வெளிக்காகக் கடுகு முளைக்க வைத்திருந்தோம், வலையை ஏற்றிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்வந்த இடைவெளியில் கருப்பி மலைக்கோயிலைச் சுற்றி மொட்டையடித்திருந்தாள். புல் கடிப்பது பூனையின் வழக்கம், தடுத்துப் பயனில்லை. அடுத்த முறை கடுகு தூவும் அன்றே பழைய டிபன் தட்டில் கோதுமையும் விதைக்கப் போகிறோம், ஜன்னல் பலகைக்குப் பக்கத்தில் வைக்க. அத்தை இப்போதே தட்டை எடுத்து வைத்துவிட்டார்.