மடுவில் வாங்கிய இறை இரக்கப் படம்

ஆவணித் திருவிழாவுக்குப் போனபோது மடு மாதா கோவிலடிக் கடையொன்றில் இந்தப் படத்தை 1,500 ரூபாவுக்கு வாங்கினேன். "கண்ணாடி கவனம் அக்கா" என்று பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றித் தந்தான் கடைப் பெடியன். கிளிநொச்சி வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தேன். பின் அட்டை மெல்லியது. மாரி ஈரத்தில் ஓரம் ஊதிவிட்டது. அச்சு அருமை. 1931இல் போலந்துக் கன்னியாஸ்திரி புனித பவுஸ்தினா இயேசுவைக் கண்ட காட்சி: நெஞ்சிலிருந்து சிவப்பும் வெளிறலுமாய் இரண்டு கதிர்கள், இரத்தமும் தண்ணீரும். கீழே 'இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்' என்ற எழுத்தை அம்மா கண்ணாடி போடாமலே வாசிக்கிறார்.

வேலித் தகராறில் நாலு வருசமாகத் தம்பியோடு பேச்சில்லை. தினமும் பின்னேரம் 3 மணிக்கு இந்தப் படத்தின் முன் செபமாலை சொல்லிக்கொண்டு அந்தக் கோபத்தையும் வைத்திருக்க என்னால் முடியவில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்து வரும் இறை இரக்க ஞாயிறன்று நானே போய் அவன் படலையைத் திறந்தேன். அவனுக்கும் ஒன்று வாங்க அதே கடைக்குத்தான் போவேன்.